உறையில் யார் பெயர்?

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்களில் பூஞ்சேரியில் இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கே ஒரு பாறையில் பல்லவர் காலத்து எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பையமிழிப்பான் என்று போகிறது அந்த வரிசை. கல்லைக் குடைந்து கோயிலாக்கிய தச்சர்களின் பெயர்கள் இவை என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஊருக்குள் இருக்கும் கோயில்களில் மன்னர்களின் விருதுப் பெயர்கள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. வேலை செய்தவர்களின் பெயருக்கு ஊருக்கு வெளியே ஒரு பாறைதான் கிடைத்தது. அதையும் அவர்களே வெட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ராக் இசையும் நாட்டார் இசையும் கலந்த ஆல்பங்கள், அவற்றை உருவாக்கியவர்கள்: இதுதான் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குத் தரப்பட்ட பொருள். இதைப் பல வழிகளில் பேசலாம். தாளம், சுருதி, கிடாரும் உறுமியும் ஒத்துப்போகிற இடம், ஒத்துப்போகாத இடம் என்று ஒருவர் மணிக்கணக்கில் பேச முடியும். இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது அதைவிடச் சின்ன விஷயம். தட்டின் உறையில் யார் பெயர் அச்சாகிறது?

இங்கிலாந்திலிருந்து தொடங்கலாம். பீட்டில்ஸ் 1966இல் வெளியிட்ட 'ரிவால்வர்' தட்டில் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய ஒரு பாட்டுக்கு லண்டனில் வாழ்ந்த அனில் பாகவத் தபேலா வாசித்தார். தட்டின் பின்னட்டையில் அவர் பெயர் உண்டு. வேறொரு பாட்டுக்குக் கொம்பு ஊதிய ஆலன் சிவிலின் பெயரும் உண்டு. ஒற்றை வரிதான், ஆனால் அந்த வரியால் அனில் பாகவத் இசை வரலாற்றில் நின்றுவிட்டார். அடுத்த ஆண்டு வந்தது 'சார்ஜன்ட் பெப்பர்'. அதில் ஹாரிசனின் பாட்டுக்கு ஏஷியன் மியூசிக் சர்க்கிள் என்ற லண்டன் அமைப்பைச் சேர்ந்த இந்தியக் கலைஞர்கள் தில்ருபாவும் தபேலாவும் தம்பூராவும் வாசித்தார்கள். ஒருவர் பெயரும் உறையில் இல்லை. அந்தப் பாட்டில் வயலின் வாசித்த ஆங்கிலேயர்களின் பெயரும் இல்லைதான். ஆனால் அந்த உறையின் முன்பக்கத்தைப் பாருங்கள். கூட்டமாக நிற்கும் பிரபலங்களுக்கு நடுவே பரமஹம்ச யோகானந்தர், யுக்தேஸ்வர், லாஹிரி மகாசயர், பாபாஜி என்று நான்கு இந்திய குருமார்களின் முகங்கள். காந்தியின் படமும் இருந்தது. இந்தியச் சந்தையில் வம்பு வரும் என்று நிறுவனம் அஞ்சியதால் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். அட்டையில் மகான்களுக்கு இடம் இருந்தது. தில்ருபாக்காரருக்கு இல்லை. அந்தக் கலைஞர்கள் யார் என்று தேடிக் கண்டுபிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

பெயர் விடுபடுவது மறதியால் மட்டும் நடப்பதில்லை. அதற்கென்றே இசைத்தட்டு உலகம் ஒரு வசதியான சொற்றொடரை வைத்திருந்தது: 'மரபுப் பாடல், இசை ஒழுங்கு இன்னார்'. பாட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை, ஊர்ச்சொத்து, அதை ஒழுங்குபடுத்தியவருக்கே உரிமை என்று பொருள். லெட் செப்பலின் 1969ஆம் ஆண்டு முதல் தட்டில் ஒரு பாட்டு இப்படித்தான் அச்சாயிற்று. உண்மையில் அதை எழுதியவர் ஆன் பிரெடன் என்ற அமெரிக்கப் பெண்மணி, உயிரோடுதான் இருந்தார். 1990இல்தான் அவர் பெயர் சேர்ந்தது.

இதைவிடச் சுவையானது 'ஸ்கார்பரோ ஃபேர்' கதை. லண்டன் நாட்டார் இசை விடுதிகளில் பாடிக்கொண்டிருந்த மார்ட்டின் கார்த்தியிடம் பால் சைமன் அந்தப் பாட்டைக் கற்றார். 1966இல் சைமன் அண்டு கார்ஃபங்கல் அதைத் தட்டாக்கினார்கள்; உலகமே பாடியது. கார்த்தியின் பெயர் இல்லை. அந்த மனக்கசப்பு முப்பதாண்டுகளுக்கு மேல் நீடித்து, 2000ஆம் ஆண்டில் சைமன் தன் லண்டன் மேடைக்கு கார்த்தியை அழைத்து இருவரும் சேர்ந்து பாடியபோதுதான் தீர்ந்தது. பத்திரிகைகள் கதையை இங்கேயே முடித்துவிடும். ஆனால் கார்த்திக்கு அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? யூவன் மக்கால், பெக்கி சீகர் இருவரின் தொகுப்பு நூலிலிருந்து. மக்காலுக்கு? வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மார்க் ஆண்டர்சன் என்ற கிழவர் 1947இல் பாடிக் காட்டியதிலிருந்து. அந்த லண்டன் மேடையில் சமாதானம் ஆனவர்கள் இரண்டு பேர். மூன்றாமவரான ஆண்டர்சன் இறந்து அப்போதே அரை நூற்றாண்டு ஆகப்போயிருந்தது.

தமிழ்நாட்டில் இந்தச் சங்கிலி இன்னும் நீளமானது. கண்ணிகளில் பெயர் இன்னும் குறைவு. சார்லஸ் கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் நூலாக்கினார். பெர்சி மெக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டியவற்றை கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து 'மலையருவி' என்று 1958இல் வெளிவந்தது. நா. வானமாமலையின் தொகுப்புகள் அதன்பின். நால்வருக்கும் நாம் கடன்பட்டவர்கள். தொகுத்தவர் பெயர் நமக்குத் தெரிகிறது. நடவு வயலிலும் தொட்டிலடியிலும் நின்று அதைச் சொன்ன பெண்களின் பெயர் பெரும்பாலும் தெரியவில்லை. கீர்த்தனையில் முத்திரை உண்டு. கடைசிச் சரணத்தில் பாடலாசிரியர் தன் பெயரைப் பொதிந்து வைத்துவிடுவார், எத்தனை தலைமுறை கடந்தாலும் அழியாது. தெருக்கூத்தில் வேடம் திரைக்குப் பின்னால் நின்றபடியே தான் யார் என்று பாடிவிட்டுத்தான் களரிக்குள் வரும். பேர் சொல்லிக்கொள்வதில் தமிழ்க் கலைக்குக் கூச்சம் இருந்ததில்லை. ஒப்பாரிக்கும் நடவுப் பாட்டுக்கும் மட்டும் ஏன் அது வாய்க்கவில்லை என்பதற்குச் சாதியையும் கூலியையும் தொடாமல் பதில் சொல்ல முடியாது.

தட்டில் பேர் சொல்லிக்கொண்ட முதல் இந்தியர்களில் ஒருவர் கௌஹர் ஜான். 1902இல் கல்கத்தாவில் கிராமஃபோன் கம்பெனி பதிவெடுத்தபோது பாட்டு முடிந்ததும் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று குரல் கொடுத்தார். தட்டு அச்சாவது ஜெர்மனியில் ஹானோவரில். அங்குள்ள தொழிலாளி சரியான சீட்டை ஒட்டுவதற்காக அந்த ஏற்பாடு. காரணம் வெறும் தொழிற்சாலைக் காரணம். ஆனாலும் தட்டிலேயே பெயர் இருந்ததால், சீட்டு கிழிந்து போனாலும் பாடியவர் தொலைவதில்லை.

நம் கடற்கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 காலை சுனாமி தாக்கியது. மாமல்லபுரத்துக் குப்பங்களில் படகும் வலையும் போயின. அதே அலை சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துக் கல்வெட்டுகளை வெளிக்காட்ட, அந்தத் தடத்தைப் பிடித்துத் தொல்லியல் துறை தோண்டியதில் ஒரு பழைய முருகன் கோயில் கிடைத்தது. செங்கல்பட்டுக் கரைக்குச் சுனாமி விட்டுப்போனது இது. இசைக்கு விட்டுப்போனது வேறொன்று. சென்னையிலிருந்து இயங்கிய எர்த்சிங்க் என்ற சிறிய இசை நிறுவனம் இலங்கை, தாய்லாந்து, இந்தோனேசியா, மாலத்தீவு, மியான்மர், இந்தியா என்று அலை தொட்ட ஆறு நாட்டுக் கரைகளுக்கும் ஒலிப்பதிவுக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போனது. சோனியா மஜும்தாரும் இசைத் தயாரிப்பாளர் யோத்தம் அகமும் அதன் பின்னால் இருந்தவர்கள். ஊர்க்காரர்கள் தங்கள் இடத்திலேயே பாடினார்கள், அடித்தார்கள். அந்தப் பதிவுகளின் மேல் பிறகு ஸ்டூடியோவில் வேறு வாத்தியங்கள் சேர்ந்தன. 'லயா ப்ராஜக்ட்' என்று படமாகவும் ஆல்பமாகவும் அது வந்தது.

அந்த முறைக்கு ஒரு பலம் உண்டு. பாடுகிறவரைக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய் மெட்ரோனோமுக்கு ஏற்பப் பாடச் சொன்னால் பாதி உயிர் போய்விடும். இங்கே அது நடக்கவில்லை. பலவீனமும் உண்டு. ஆறு நாட்டுக் குரல்களை ஒரே மெத்தென்ற ஒலிப்பரப்பின்மேல் கிடத்தினால் எல்லாக் கரையும் ஒரே கரைபோலக் கேட்கும். கேட்பவருக்கு மனம் இளகும், ஆனால் எந்த ஊர் என்று பிடிபடாது. இந்தக் குறையை அதே நிறுவனம் பின்னால் வெளியிட்ட 'நாகூர் செஷன்ஸ்' ஓரளவு சரிசெய்தது என்று சொல்லலாம். நாகூர் தர்காவில் பாடும் அப்துல் கனி, அஜா மைதீன், சபுர்மைதீன் பாபா சபீர் மூவரும் பெயரோடு, முழு ஆல்பத்துக்கும் பாடகர்களாக வருகிறார்கள். முதல் ஆல்பத்தில் கடலோரத்தின் குரல். இரண்டாவதில் மூன்று மனிதர்களின் குரல். இரண்டாவதுதான் காதில் தங்குகிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் சென்னைக்கு வந்தவர் மாயா என்கிற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்திலும் கொஞ்ச காலம் சென்னையிலும் வளர்ந்து, மீண்டும் லண்டனுக்கு அகதியாகப் போனவர். எம்.ஐ.ஏ. என்றால்தான் உலகுக்குத் தெரியும். முதல் ஆல்பத்துக்குத் தந்தையின் இயக்கப் பெயரையும், இரண்டாவதுக்குத் தாயின் பெயரையும் வைத்தார். அந்த இரண்டாவதான 'கலா' 2007இல் வந்தது. அமெரிக்காவில் பதிவுசெய்ய நினைத்தவருக்கு விசா சிக்கலானது. பல நாடுகளில் அலைந்து பதிவுசெய்தார். சென்னையில் உறுமிக்காரர்களை வைத்து எடுத்த அடிகள் 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' பாடல்களின் முதுகெலும்பு. தேர் வரும் தெருவில் கேட்கிற அந்த உறுமல், நியூயார்க் நடனக்கூடங்களில் ஒலித்தபோது விமர்சகர்கள் வாயைப் பிளந்தார்கள். நமக்கு அதில் அதிசயம் இல்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவில் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் உடம்பை என்ன செய்யும் என்று தெரியும்.

அதே ஆல்பத்தின் முதல் பாட்டில் 'தளபதி' படத்தின் ஒரு பாட்டிலிருந்து இளையராஜாவின் இசைத்துண்டு வருகிறது. இங்கேதான் உறையின் கணக்கு தெரிகிறது. ஏற்கெனவே வெளிவந்த தட்டிலிருந்து நான்கு நொடி எடுத்தாலும் உரிமையாளரைத் தேடிப் போய் அனுமதி கேட்கவேண்டும் என்பது இசைத்தொழிலின் நடைமுறை. ஸ்டூடியோவுக்கு வந்து நாள் முழுக்க உறுமி அடித்தவருக்கு அன்றைய கூலியோடு கணக்கு முடியும். எழுதி வைத்த இசைக்குச் சொத்துரிமை, அடித்த அடிக்குக் கூலி. எம்.ஐ.ஏ. என்ற ஒருவரின் குற்றமாக இதைச் சொல்லவில்லை. கோடம்பாக்கத்தில் பறையும் நாதஸ்வரமும் பல்லாண்டு காலம் இப்படித்தான் வாசிக்கப்பட்டன. வாசித்தவர்கள் யாரென்று படத்தின் கேசட் அட்டையில் தேடினால் கிடைக்காது.

2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு மேடையில் 19 பேர் கோட்டு சூட்டோடு நின்றார்கள். கானாப் பாடகர்கள், ராப் பாடகர்கள், பறை, சட்டி, கிடார், டிரம்ஸ். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து அமைத்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து குழுவுக்குப் பெயர் வந்தது. அயோத்திதாசரின் சமகாலத்தவரும் உறவினருமான இரட்டைமலை சீனிவாசன் இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் என்பதை இந்த அவைக்கு நினைவூட்டலாம். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர். அந்தக் கோட்டு சூட்டுக்கு ஒரு பரம்பரை இருக்கிறது.

அந்தக் குழுவின் இசையில் எல்லாம் உயர்வு என்று சொல்லிவிட முடியாது. சில பாடல்களில் கிடார் வழக்கமான ராக் ஓட்டத்தில் போகிறது. கானாவின் நொண்டித் தாளம் அதற்குள் நெரிபடுகிறது. சட்டி முன்னே வந்து கிடார் பின்னுக்குப் போகும் பாடல்களே வலுவானவை. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் பெரிய மாற்றம் செய்தார்கள். கானாப் பாடகர் அங்கே குழுவின் உறுப்பினர். பின்னணிக்கு அழைத்து வந்த ஆள் கிடையாது. பேர் சொல்லி மேடையேறினார்கள். குழுவின் ஒரே பெண் பாடகரான இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். குழுவின் ராப் பாடகர், அரக்கோணத்துக்காரரான அறிவு, 'தெருக்குரல்' என்ற ஆல்பத்தை 2019இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து வெளியிட்டார். முன்பே லா பொங்கல் குழுவில் பாடிய அந்தோணி தாசன் தன் பெயரையே சேர்த்து 'அந்தோணி இன் பார்ட்டி' என்று குழு அமைத்ததையும் இந்த வரிசையில் வைக்கலாம். நாட்டார் பாடகரின் பெயர் பேண்டின் பெயராவது நமக்குப் புதிது.

பிறகு வந்தது 'என்ஜாயி எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வெளியான அந்தத் தனிப்பாடலை அறிவும் பாடகி தீயும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அதன் உள்ளே இருக்கிறது. சில மாதங்கள் கழித்து ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. இரஞ்சித் முதலானோர் கேள்வி கேட்டபின், இதழ் அறிவுக்குத் தனியாக ஒரு இணைய அட்டை வெளியிட்டது. அது முதல் சுற்று.

இரண்டாம் சுற்று நம் ஊர்ப்பக்கம். 44ஆவது செஸ் ஒலிம்பியாட் 2022இல் மாமல்லபுரத்தில், அதே பூஞ்சேரியில்தான் நடந்தது. ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த தொடக்க விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. பாட்டை எழுதி, இசைத்து, பாடியது தானே என்று அறிவு பொதுவெளியில் எழுதினார். மெட்டு உருவானதில் மூவருக்கும் பங்குண்டு, அறிவு அமெரிக்காவில் இருந்ததால் விழாவுக்கு வர முடியவில்லை என்று சந்தோஷ் நாராயணன் விளக்கினார். அறிவின் பங்கைத் தான் எப்போதும் சொல்லியே வந்திருப்பதாகத் தீ சொன்னார். யார் சொன்னது எத்தனை பங்கு சரி என்று தீர்ப்பளிக்க இந்த மேடைக்குத் தகுதியில்லை. கவனிக்கவேண்டியது வேறு. ஒப்பாரியிலிருந்தும் பாட்டி சொன்ன கதையிலிருந்தும் பிறந்த ஒரு பாட்டுக்கு யார் ஆசிரியர் என்று தமிழ்நாடே சண்டை போட்டது. தேநீர்க் கடையில்கூட அது பேச்சாயிற்று. இப்படிப்பட்ட பாட்டை முன்பெல்லாம் 'நாட்டுப்புறப் பாடல்' என்று ஒரு சொல்லில் முடித்திருப்பார்கள். சண்டைக்கே வழி இருந்திருக்காது.

அந்த ஒலிம்பியாடுக்கு ஆறு நாள் முன்பு தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. சிறந்த பின்னணிப் பாடகி, அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பெண் நஞ்சம்மா. 'அய்யப்பனும் கோஷியும்' மலையாளப் படத்தில் இருளர் மொழியில் பாடிய பாட்டுக்கு விருது. பாடல் வரிகளும் அவர் பெயரிலேயே வந்தன. இயக்குநர் சச்சி அப்படிச் செய்தார், விருதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. முறையாகச் சங்கீதம் கற்காதவருக்கு விருதா என்று ஓர் இசைக்கலைஞர் கேட்டார், பதிலுக்கு நிறைய வாங்கிக்கட்டிக்கொண்டார்.

செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வேறு பிரிவினர், பேச்சும் வேறு. ஒவ்வொரு மாசி மகத்துக்கும் சுற்றுவட்ட மாவட்டங்களிலிருந்து அவர்கள் மாமல்லபுரம் கடற்கரைக்குக் குடும்பம் குடும்பமாக வந்து சேருகிறார்கள். மணலில் புடவையைக் கட்டிக் குடில் போடுகிறார்கள். விடியலில் கன்னியம்மாளுக்குப் பூசை, பிறகு பெண் பார்த்தல், கல்யாணம், பாட்டு, ஆட்டம். அந்தக் காட்சியைப் படமெடுக்கப் புகைப்படக்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். 1978இல் வடநெம்மேலியில் இந்த இருளர்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தப் பக்கத்து இருளருக்குப் பாம்பால் பெயர் கிடைத்தது. பாட்டால் இன்னும் கிடைக்கவில்லை.

பாம்பு என்றதும் சட்டம் நினைவுக்கு வருகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 'நிகழ்த்துநர்' யார் யார் என்று ஒரு பட்டியல் தருகிறது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், கழைக்கூத்தாடி, செப்படி வித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாற்றுபவர். ஆம், இந்த மேடையில் நிற்பவரும் பாம்பாட்டியும் சட்டத்தின் முன் ஒரே வரிசை. 2012இல் வந்த திருத்தம் 38பி என்ற பிரிவைச் சேர்த்தது. நிகழ்த்தியவர் தன் பெயர் சொல்லப்படவேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. உரிமையைப் பணத்துக்கு விற்றுவிட்டாலும் இந்த உரிமை அவரிடமே இருக்கும். நல்ல சட்டம்தான். ஆனால் அதே திருத்தம் சினிமாவுக்கு ஒரு சந்து வைத்தது. ஒரு படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயரை எங்கும் போடுவதில்லை என்றால், அவரை நிகழ்த்துநராகவே கருதவேண்டியதில்லை. தன் நிகழ்த்துதலைச் சிதைத்தால் எதிர்க்கலாம், அவ்வளவுதான். பெயர் போடும் வழக்கம் இல்லாததே பெயர் கேட்க முடியாமைக்குக் காரணமாகிவிடுகிறது.

இன்று உறையே இல்லை. கைபேசித் திரையில் விரற்கடை அளவுக்கு ஒரு படம், கீழே இரண்டு பெயர், மூன்றாவது பெயர் வருவதற்குள் புள்ளிகள். உறுமி யார் என்று தெரிய மூன்று இடத்தில் தட்டவேண்டும், தட்டினாலும் பதிவேற்றியவர் எழுதியிருந்தால்தான் கிடைக்கும். எல்பி தட்டின் பின்னட்டையில் இடம் போதவில்லை என்று ஒரு காலத்தில் சாக்குச் சொன்னார்கள். இணையத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை, எழுதுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள், மாணவர்களுக்கு. கோவளத்தில் அலைச்சறுக்கு விழாவோடு பேண்டுகள் வாசிப்பதையும், முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பறையும் கரகமும் நடப்பதையும் கைபேசியில் எடுத்துப் போடுகிறீர்கள். மாசி மகத்துக்கும் போவீர்கள். கன்னியம்மாள் பாட்டைப் பதிவுசெய்ய நினைத்தால் முதலில் பாடுகிற அம்மாவிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் கருவியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். சரி என்றால் பெயர், ஊர், யாரிடம் கற்றது என்று மூன்றையும் அவர் குரலிலேயே பதிவுசெய்யுங்கள், கௌஹர் ஜான் செய்தது போல. பிறகு கோப்பின் பெயரில் 'இருளர் பாட்டு 1' என்று போடாமல், அவர் பெயரைப் போடுங்கள். உங்கள் பெயர் அதற்கு அடுத்து வரட்டும்.